ஏழாவது வரிசை, ஓரத்து சீட்டு

டார்ச் அக்கா இருபத்தெட்டு வருடமாக அந்தத் தியேட்டரில் வேலை பார்க்கிறாள். ஒரு படத்தையாவது முழுதாகப் பார்த்திருக்கிறாளா என்றால், இல்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. "ஓசியில படம் பார்க்கிற வேலை, கொடுத்து வெச்சவங்கக்கா நீங்க" என்று பெருமூச்சு விடுகிறவர்கள்தான் அதிகம். வாசலில் நின்று டிக்கெட் கிழிக்க வேண்டும். தாமதமாக வருகிற மகராசர்களை டார்ச் அடித்துக் கூட்டிப்போய் உட்கார வைக்க வேண்டும். இடைவேளையில் கதவுகளைத் திறந்துவிட வேண்டும். படம் முடிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, இருக்கைகளுக்கு அடியில் கிடக்கிற குப்பையைப் பொறுக்க வேண்டும். இதற்கு நடுவில் எங்கே படம் பார்ப்பது? முதல் பத்து நிமிடம், அங்கங்கே கொஞ்சம், கடைசிக் காட்சி. அவளுக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

ஆனால் படம் பார்க்கிறவர்களை அவளைப்போலப் பார்த்தவர்கள் கிடையாது. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவோரம் நின்றால் போதும், முகங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். இருமல் கூடினால் படம் இழுக்கிறது. பாப்கார்ன் பொட்டலச் சத்தம் நின்றால் கதை பிடித்துவிட்டது. வெளியே வரும்போது செருப்பை இழுத்து இழுத்து நடந்தால் அந்தப் படத்தைத் திங்கட்கிழமையே பெட்டியில் போட்டு மூட வேண்டியதுதான். ஊரில் எல்லாரும் அவளிடம்தான் விசாரிப்பார்கள். "அக்கா, படம் எப்படி?" அவள் தன் கருத்து என்று ஒருநாளும் எதையும் சொன்னதில்லை. "நல்லாயிருக்குங்கிறாங்க" என்பாள். சுமாராக இருந்தால் "ஒருதரம் பார்க்கலாம்ங்கிறாங்க." படுமோசம் என்றால் "ஏசி நல்லா வேலை செய்யுதுங்கிறாங்க." இந்தக் கடைசிப் பதிலைக் கேட்டவர் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

இன்னொரு விஷயத்துக்கும் அவள் பேர்போனவள். எந்தக் காட்சியில் யார் எந்த இருக்கையில் உட்கார்ந்தார் என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டாலும் சொல்லுவாள். தொலைந்த குடை, தொலைந்த சாவிக்கொத்து, அப்பாவுக்குத் தெரியாமல் படம் பார்க்க வந்த பிள்ளை, எதுவானாலும் அக்கா சொன்னால் சரியாக இருக்கும். அவள் ஞாபகத்தை ஊரில் யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. ஒரே ஒருமுறை போலீஸும் அந்த ஞாபகத்தை நம்பியது. அது பிறகு வரும்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது ஒரு கொலைப் படம். சின்ன ஊர், ஓயாத மழை, கிணற்றில் ஒரு வாத்தியாரின் பிணம். தள்ளியது யார்? வாத்தியாரோடு சண்டை போட்ட ரொட்டிக்கடைக்காரரா, பக்கத்து வீட்டு டாக்டரா, வாயே திறக்காத நூலகரா? இப்படிச் சொன்னால் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. படத்தில் அது நகர்ந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

"ஒருத்தன் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்துறதுக்கே பத்து நிமிஷம் ஆகுதுப்பா" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் வெளியே வந்தார்.

"இன்ஸ்பெக்டர் டீ குடிச்சிட்டே இருக்காரு. அவர் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கொலைகாரன் கிழவனாகித் தானா செத்துடுவான்."

"நீ தூங்கிட்ட. தூங்கினவனுக்கு என்ன தெரியும்? ரெண்டாவது பாதி பிச்சுட்டான்."

"முதல் பாதியில என் முதுகு பிச்சுக்கிச்சு, அதுக்கு என்ன சொல்ற?"

கடைசியாக வந்த பள்ளிக்கூடத்து டீச்சர் மட்டும் அக்காவிடம் நின்று சொன்னாள். "எனக்குப் பிடிச்சிருந்துதுக்கா. மெதுவாத்தான் போகுது. ஆனா நம்ம ஊரை அப்படியே பார்க்கிற மாதிரி இருந்துச்சு."

அக்கா தலையாட்டிவிட்டுக் குப்பை பொறுக்கப் போனாள். நம்ம ஊர் மாதிரி என்ற அந்த வார்த்தை அன்றைக்கு அவளை ஒன்றும் செய்யவில்லை.

மேனேஜருக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. அவர் வெளியூர்க்காரர், வந்து மூன்று வருடமாகிறது. அக்காவைவிட இருபது வயது இளையவர். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை சார் என்பாள். இரண்டு பேருக்கும் அதில் குறையில்லை. "பாதியிலேயே எழுந்து போறாங்கக்கா. இடைவேளைக்கு மேல ஆளுங்களைப் பிடிச்சு வைக்க ஏதாவது செய்யணும்" என்று மண்டையைக் குடைந்துகொண்டார். சனிக்கிழமை காலையில் ஒரு யோசனையோடு வந்தார். இடைவேளையில் எல்லாருக்கும் ஒரு துண்டுச் சீட்டு. கொலைகாரன் யார், படம் எப்படி, இந்த இரண்டுக்கும் பதில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். சரியாகக் கண்டுபிடித்துப் பேரும் எழுதியிருந்தால் அடுத்த படம் இலவசம்; பேர் எழுதாமலும் போடலாம். கேன்டீனில் காலியாகக் கிடந்த பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு அதைப் பெட்டியாக்கினார்கள்.

மணி அடித்து விளக்கு அணைந்ததும் அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடியில் இருக்கிற ஆபீஸ் அறைக்குப் போவாள். அங்கே கொட்டி, டாக்டர் ஒரு பக்கம், ரொட்டிக்கடைக்காரர் ஒரு பக்கம், நூலகர் ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பாள். அதற்கு அரைமணி நேரம் பிடிக்கும். இடைவேளைக்குப் பிறகு வருகிற அரைமணிப் படத்தை அவள் அந்த வாரம் முழுவதும் பார்க்கவே இல்லை.

சீட்டுகள் படத்தைவிட சுவாரசியமாக இருந்தன. "டீக்கடைக்காரர். இன்ஸ்பெக்டருக்கு ஓசி டீ கொடுத்து வழக்கை இழுக்கிறார்" என்று ஒருவர். "டைரக்டர்தான் கொலைகாரர். என் சனிக்கிழமையைக் கொன்றார்" என்று ஒருவர். "அவசரப்படாதவர்களுக்கான படம். அவசரக்காரர்கள் பஸ்ஸைப் பிடிக்கப் போகவும்" என்று டீச்சரின் கையெழுத்து மாதிரி ஒன்று. மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அடுத்த சீட்டைப் பிரித்தாள்.

"வாட்ச்காரர்."

அவ்வளவுதான் எழுதியிருந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "வாட்ச்காரரா? படத்துல வாட்ச்காரரே கிடையாதேக்கா. இவன் எந்தப் படத்தைப் பார்த்துத் தொலைச்சான்?"

"யாரோ தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பாங்க சார்" என்று அக்கா சொன்னாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் சீட்டை மடித்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். அந்தப் பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொள்ளும். இழுத்து இழுத்துப் பார்த்தும் மூடவில்லை.

படத்தில் வாட்ச்காரர் இல்லை. ஊரில் இருந்தார். பஸ் நிலையத்துக்கு எதிரில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆளுக்கு இடமில்லாத கடையில், கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்திருப்பவர். ஊரில் ஒரே ஒரு வாட்ச்காரர்தான். அவர் அக்காவின் தம்பி.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். தபால்காரர் ஒருவர் இருந்தார், வேலையில் கெட்டிக்காரர், வாய்தான் நீளம். ஒருநாள் தம்பியின் கடை வாசலில் நின்றுகொண்டு, ரிப்பேர் செய்து கொடுத்த வாட்ச் நாளுக்குப் பத்து நிமிடம் பின்தங்குகிறது, ஊரை ஏமாற்றுகிறான் என்று வாய்க்கு வந்தபடி கத்தினார். பஸ் நிலையமே நின்று வேடிக்கை பார்த்தது. தம்பிக்கும் அன்றைக்கு நாக்கு சும்மா இல்லை. "என் பொழைப்புல மண்ணைப் போட்டா உன்னைச் சும்மா விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். மறுநாள் சாயங்காலம் தபால்காரர் ஊர்க்கோடிக் கல்குழிக்குள் விழுந்து செத்தார். வழுக்கி விழுந்தாரா, யாராவது தள்ளினார்களா என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. மழை எல்லாத் தடயத்தையும் கழுவிவிட்டது.

அன்று இரவு வேலை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தபோது தம்பி பின்பக்கத்தில் நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்தான். முழங்கால் வரை சேறு. கல்குழிப் பக்கத்து மண்தான் அந்த நிறத்தில் இருக்கும். பக்கத்துத் திட்டில் தபால்காரரின் வாட்ச் இருந்தது. ஊரிலேயே அவரிடம் மட்டும்தான் அப்படி நீல முகப்பு வைத்த வாட்ச் உண்டு. "எங்கேடா போனே?" என்று அவள் கேட்கவில்லை. அவன் முகம் சரியில்லை, காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். காலையில் அவள் தியேட்டரைத் திறந்தபோது பிணம் கிடைத்த செய்தியோடு இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார்.

"உங்க தம்பி நேத்து சாயங்காலம் எங்கே இருந்தான்?"

அவளுக்கு யோசிக்க நேரமில்லை. சேறும் நீல முகப்பும் கண்முன் வந்து நின்றன. "இங்கதான் சார், படத்துல. ஏழாவது வரிசை, ஓரத்து சீட்டு. நானே டார்ச் அடிச்சு உட்கார வெச்சேன்" என்றாள்.

அக்காவின் ஞாபகத்தை யார் சந்தேகப்படுவார்கள்? இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போனார். ஏழாவது வரிசை, ஓரத்து சீட்டு என்பது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தம்பியிடமும் கேட்டார், அவனும் ஆமாம் என்றான். வழக்கு கொஞ்ச நாள் நொண்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஊர் மட்டும் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. வாட்ச் ரிப்பேருக்கு வந்தார்கள், வேறு ஆள் இல்லையே. கொடுத்தார்கள், வாங்கினார்கள், உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசாமல் போனார்கள். அக்காவின் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும்தான். சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா, பால் வந்துதா. அவர்கள் பேச்சு அதற்குமேல் போவதில்லை. தினமும் காலையில் மேசை டிராயரைத் திறந்து அந்த நீல முகப்பு வாட்சுக்கு அவன் சாவி கொடுப்பான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தம்பி ஒரு ஆளைக் கொன்றிருக்கிறான், நான் அவனைக் காப்பாற்றிவிட்டேன் என்று இருபத்திரண்டு வருடமாக நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். அவனைத் திட்டினது கிடையாது, வெறுத்ததும் கிடையாது. கேட்டதும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில் வாட்ச்காரர் என்று நான்கு சீட்டுகள் வந்தன. மாலைக் காட்சியில் ஒன்பது. யாரோ ஒருவர் விளையாட்டாக ஆரம்பித்து வைத்திருக்கிறார், மற்றவர்கள் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். "படம் பிரமாதம். நம்ம வாட்ச்காரர் கதைதானே?" என்று ஒன்று. "கிணத்துக்குப் பதில் கல்குழி என்று வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும்" என்று ஒன்று. கூட்டம் கூடியது. வெள்ளிக்கிழமை முதுகுவலி என்றவர்களே திங்கட்கிழமை வீட்டோடு வந்தார்கள். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "மெதுவா சூடு பிடிக்கிற படம்க்கா இது" என்று பூரித்துப்போனார். ஊருக்குள் என்ன சூடு பிடிக்கிறது என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

அக்காவுக்கு வெளியே வருகிறவர்களின் பேச்சைக் கேட்கவே பயமாக இருந்தது. ரொட்டிக்கடைக்காரர் அன்று என்னோடுதான் வீட்டில் இருந்தார் என்று படத்தில் அவர் மனைவி சொல்கிற காட்சி இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் வரும். அதை அக்காவே பார்த்திருக்கிறாள். அந்த இடத்தில் முகங்கள் எல்லாம் ஒன்றுபோல மாறும்.

"அந்தப் பொம்பளை பொய் சொல்றா. மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு."

"பொய் சொல்லாம என்ன பண்ணுவா? புருஷன் இல்லையா?"

"அதுக்காக? செத்தவனுக்கும் ஒரு வீடு வாசல் இருக்கும்ல?"

இதைச் சொன்ன பெண் டிக்கெட்டை அக்காவின் கையில் கொடுத்தவள்தான். அக்காவைப் பார்த்துச் சொன்னாளா, சும்மா சொன்னாளா? அக்காவுக்கு எல்லாரும் தன்னைப் பார்த்தே சொல்வதுபோல இருந்தது. டார்ச் வெளிச்சம் வழியை விட்டுவிட்டு யார் யாருடைய முகத்திலோ அடித்தது. "கண்ணு கூசுதுக்கா" என்று ஒருவர் சிணுங்கினார்.

செவ்வாய்க்கிழமை மதியம் வந்த சீட்டுதான் அவளை உட்கார வைத்துவிட்டது. பென்சிலால், பழக்கமில்லாத கையால், நிதானமாக எழுதியிருந்தது: "அன்றைக்கு நானும் ஏழாவது வரிசையில்தான் இருந்தேன். ஓரத்து சீட்டு காலி."

மேனேஜர் நல்லவேளையாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா சீட்டைப் பைக்குள் திணித்தாள். யார்? இருபத்திரண்டு வருடமாக ஒருவர் அந்தக் காலி இருக்கையைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஊருக்குள் நடமாடியிருக்கிறார். அவளிடம் டிக்கெட் கொடுத்திருக்கிறார், படம் எப்படி என்று கேட்டிருக்கிறார், சிரித்திருக்கிறார். எல்லாருடைய இருக்கையும் ஞாபகம் வைத்திருக்கிற அக்காவுக்கு, அன்று ஓரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்தக் காட்சியில் இல்லாத ஒரு ஆளை அவள் உட்கார வைத்ததில், இருந்த ஆள் காணாமல் போய்விட்டார்.

மறுநாள் காலையில் தம்பி சாதாரணமாகக் கேட்டான். "படத்துக்குக் கூட்டமாமே?"

"ம்."

"என்ன படம்?"

"என்னவோ கொலைப் படம். இழுவை. உனக்குப் பிடிக்காது."

"கடைக்கு வர்றவங்க எல்லாம் நல்லாயிருக்குங்கிறாங்க. நீங்க அவசியம் பார்க்கணும்னு ஒருத்தர் சொல்லிட்டுச் சிரிச்சாரு" என்று சொல்லிக்கொண்டே அவன் நீல முகப்பு வாட்சைக் காதருகே வைத்துக் கேட்டான்.

"வேலையைப் பாரு. ஊர் வாயில விழுந்து எழுந்திருக்கிறதே உனக்கு வேலையா?" அவள் குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பாதி வழியில்தான் கவனித்தாள். பையின் ஜிப் சிக்காமல் வழுவழுவென்று ஓடி மூடியிருந்தது.

மதியக் காட்சி வரிசையில் அவன் நின்றுகொண்டிருந்தான். துவைத்த சட்டை, படிய வாரிய தலை. ஐம்பதை நெருங்குகிறவன், அந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூடத் தியேட்டர் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வரிசையில் அவனுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் இடைவெளி தானாக விழுந்திருந்தது. அவன் டிக்கெட்டை நீட்டினான், அவள் கிழித்தாள்.

"ஏழாவது வரிசை, ஓரத்து சீட்டு. கேட்டு வாங்கினேன்" என்றான். "டார்ச் அடிச்சு உட்கார வைக்க மாட்டியா?"

விளக்கு எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவள் டார்ச்சைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் உட்கார்ந்தான். அரங்கம் முழுக்க ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

அன்று யாரும் இருமவில்லை. பாதிப்பேர் திரையைப் பார்த்தார்கள், மீதிப்பேர் ஏழாவது வரிசையைப் பார்த்தார்கள். இடைவேளையில் தம்பி மற்றவர்களைப்போல வரிசையில் வந்து துண்டுச் சீட்டு வாங்கினான். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, சுவரில் வைத்துப் பொறுமையாக எழுதினான். மடித்து டப்பாவுக்குள் போட்டான். அவளைப் பார்க்காமல் திரும்பிப்போய் உட்கார்ந்தான்.

அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். கொட்டினாள். தம்பியின் கையெழுத்து சின்னதாக, நெருக்கமாக இருக்கும், வாட்ச் பொட்டலங்களில் எழுதிப் பழகிய கை.

"டாக்டர்தான் என்று நினைக்கிறேன். ரொட்டிக்கடைக்காரர் செய்யவில்லை. அவர் மனைவி பொய் சொல்கிறாள், அது சரி. ஆனால் நீ செய்தாயா என்று அவரை அவள் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. படம் நன்றாக இருக்கிறது. மெதுவாகப் போவது எனக்குப் பழக்கம்தான்."

அவள் நான்கைந்து முறை படித்தாள். கீழே படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அரைமணி நேரத்தை அவள் அன்றைக்கும் பார்க்கவில்லை.

படம் முடிந்தது, கூட்டம் கலைந்தது. அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. மாலைக் காட்சிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

"உன் பை ஜிப்பை நேத்து சரி பண்ணேன்" என்றான் அவன். "உள்ளே இருந்ததையும் பார்த்தேன்."

அவள் டார்ச்சை மடியில் வைத்தாள்.

"கேளு அக்கா."

"என்னத்தை?"

"இத்தனை வருஷமா கேட்காததை."

அக்கா வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அன்னைக்கு சாயங்காலம்... நீ எங்கேடா இருந்தே?"

"தபால்காரர் வீட்டுக்குப் போனேன்" என்று அவன் உடனே சொன்னான். வாய்க்குள் தயாராக வைத்திருந்த பதில். "சண்டை போட்டப்போ வாட்சை என் மேசையில வீசிட்டுப் போயிட்டாரு. திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி, தப்பு என்னோடது. உள்சக்கரத்துல ஒரு பல்லு தேஞ்சிருந்தது, நான் கவனிக்கல. சரி பண்ணி, கொடுத்துட்டு மன்னிப்பு கேட்கலாம்னு போனேன். வீடு பூட்டியிருந்தது. மழை பிடிச்சுக்கிச்சு. எதிர்ல டெய்லர் கடை இருந்துதே, அவர் கூப்பிட்டு ஸ்டூல் போட்டாரு. அஞ்சு மணியிலிருந்து இருட்டுற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் வரல. திரும்பி வந்துட்டேன். அந்தத் தெருவுக்குக் கல்குழி பக்கமாத்தானே போகணும்?"

"டெய்லர் உன்னைப் பார்த்தாரா?"

"பார்த்தாராவா? ரெண்டு சட்டை தைச்சு முடிச்சாரு, நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போதே."

"அப்போ ஏன்டா போலீஸ்ல சொல்லல?"

"நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு. 'உங்க அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க, தியேட்டர்ல இருந்தியாமே, உண்மைதானே?' நான் இல்லைன்னு சொன்னா உன்னை உள்ள வெச்சிருப்பாங்க. ஆமான்னு சொன்னேன். டெய்லர் மறுநாளே கடைக்கு வந்தாரு. 'ஏன்ப்பா இப்படி, நான் வந்து சாட்சி சொல்றேன்'னாரு. நான்தான் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன், வேண்டாம்ணே, அக்கா மாட்டிக்குவான்னு."

வெளியே கேன்டீனில் யாரோ பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. அக்கா முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே பாவி."

"நீ கேட்பேன்னு இருந்தேன். ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாசம் பார்த்தேன். தினமும் உன் முன்னாடிதான் அந்த வாட்சுக்கு சாவி கொடுத்தேன், இன்னைக்காவது கேட்பேன்னு. நீ அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்குவே." அவன் குரல் உயரவில்லை. "ஊர் நினைச்சது எனக்குப் பெரிசில்ல அக்கா. ஊருக்கு முன்னாடி நீ நினைச்சுட்டே."

அவள் அழுதாள். வாயில் முந்தானையை வைத்து அமுக்கிக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். நாம் எவ்வளவு பெரிய காரியம் செய்தோம் என்று இத்தனை வருடம் நெஞ்சுக்குள் மெச்சிக்கொண்டாளே, அது அவளைப் பிடுங்கித் தின்றது.

"நான் இப்பவே போய்ச் சொல்றேன். நான் பொய் சொன்னேன்னு எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொல்றேன்" என்று எழுந்தாள்.

அவன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "டெய்லர் செத்து நாலு வருஷமாச்சு. இப்ப நீ பொய்யுன்னு சொன்னா உன்னை மன்னிச்சுடுவாங்க. அப்போ அவன்தான்னு என்னை முடிச்சுக் கட்டிடுவாங்க."

அவள் எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தாள், வழியே இல்லை. அவள் தன் கையால் கட்டி வைத்த பொய்யை இனி அவளே அவிழ்க்க முடியாது.

"படத்துல இடைவேளைக்கு அப்புறம் என்ன நடக்குது?" என்று கேட்டாள்.

"நீ பார்க்கலையா?" தம்பிக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "அந்த அம்மா புருஷனைக் கேட்குது. நேராக் கேட்குது. அவர் சொல்றாரு. அங்கேயே பாதி முடிச்சு அவிழ்ந்துடுது. அந்த சீனுக்குத்தான் எல்லாரும் கை தட்டினாங்க."

கை தட்டல் மாடிக்குக் கேட்டிருக்கிறது. சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தவள் எதற்கு என்று எட்டிப் பார்க்கவில்லை.

மாலைக் காட்சிக்கு வாசலில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். தம்பி எழுந்து வழக்கமாகச் சாமான் கொண்டுவருகிற பக்கவாட்டுக் கதவை நோக்கி நடந்தான். "இப்படியே போயிடறேன். வாசல்ல கூட்டமா இருக்கு."

"அந்தப் பக்கம் எதுக்கு? டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்தே?" என்றாள் அக்கா. அவன் கையைப் பிடித்தாள். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் பிடித்துக்கொண்டு போவாள். முன்வாசல் வழியாக, வரிசையில் நின்ற அத்தனை பேரையும் தாண்டி, அவனைத் தெரு முனைவரை கூட்டிப்போய் விட்டாள். ஒருவர் இன்னொருவர் காதில் ஏதோ சொன்னார். அக்கா யாரையும் முறைக்கவில்லை, யாருக்கும் தலை குனியவும் இல்லை.

திரும்பி வந்து தன் இடத்தில் நின்று டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது. வரிசையில் முதலில் நின்றவள், அந்தப் பொம்பளை பொய் சொல்றா என்று அன்றைக்குப் பேசின கூட்டத்தில் ஒருத்தி, இரண்டாம் தடவையாக வந்திருந்தாள். கூட வந்த தோழி அக்காவின் முகத்தைப் பார்க்கத் தயங்கி, வேறு எதுவும் பேசத் தோன்றாமல், எல்லாரும் கேட்பதையே கேட்டாள்.

"படம் எப்படிக்கா?"

அக்கா டிக்கெட்டைக் கிழித்து மீதியை அவள் கையில் வைத்தாள். பார்க்கலாம்ங்கிறாங்க என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டாள்.

"இடைவேளைக்கு அப்புறம் எழுந்து போயிடாதீங்க" என்றாள். "நான் போயிட்டேன்."